மூச்சுக்குப் பாடம் சொல்லுதல்

'நோயாளிக் கல்வி' என்றொரு சொற்சேர்க்கை கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக மருத்துவ எழுத்துகளில் புழங்கி வருகிறது. கேட்பதற்கு நல்ல சொல். கல்வி என்றாலே நமக்குக் கைகள் தாமாகக் குவிந்துவிடும். ஆனால் இந்தச் சொல் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்கிறது: எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம், தெரியாதவர் இந்தப் பக்கம். தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பிரதிகளை வாசிக்கத் தெரியும், மருத்துவம் தெரியாது. ஆகவே ஆஸ்துமா பற்றிய சில அமெரிக்க மருத்துவப் பிரதிகளை, அவற்றின் வரலாற்றோடு சேர்த்து, பிரதிகளாகவே இங்கு வாசித்துப் பார்க்கிறேன். ஏன் அமெரிக்கா? அங்கே இனம் என்ற பத்தியைப் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவனைத்தான் கேள்வி கேட்க முடியும்.

கணக்கு இதுதான். அமெரிக்காவில் ஆஸ்துமாவால் கறுப்பர்கள் சாகும் விகிதம் வெள்ளையர்களுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. இத்தனைக்கும் ஆஸ்துமா ஆளைக் கொன்றே தீரும் நோயல்ல. மூச்சுக்குழலின் அழற்சியைத் தணிக்கிற, உறிஞ்சும் வகை ஸ்டீராய்டு 1972இல் பிரிட்டனிலும் அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்துவிட்டது. மருந்து இருக்கிறது. சாவும் இருக்கிறது. அந்தச் சாவு ஒரு நிறத்தின் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் மருத்துவச் சொல்லாடல் காலங்காலமாக இரண்டு விடைகளை மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கிறது. ஒன்று, அவர்களுடைய உடம்பே அப்படி. மற்றது, அவர்களுக்குச் சொன்னால் ஏறுவதில்லை. முதலாவது பழையது, முரட்டுத்தனமானது. இரண்டாவது புதியது, கருணை பொங்குவது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம் என்று நான் கருதுகிறேன்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். தாமஸ் ஜெஃபர்சன், மனிதர் யாவரும் சமம் என்ற பிரகடனத்தை எழுதியவர், நூற்றுக்கணக்கான அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தவர், 1780களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய குறிப்புகளில் கறுப்பர்களின் சுவாச உறுப்பின் அமைப்பு வேறுபட்டதாக இருக்கக்கூடும் என்று ஓர் ஊகத்தைப் போகிற போக்கில் போட்டு வைத்தார். அவர் எதையும் அளக்கவில்லை. அளப்பதற்கான கருவி பின்னால்தான் வந்தது.

அந்தக் கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாய்க்குள் முழுக்க ஊதினால் எவ்வளவு காற்று வெளிவந்தது என்று காட்டும். இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் மனிதர்களைப் பிரித்திருக்கும் விதம் சுவாரஸ்யமானது: மாலுமிகள், தீயணைப்பாளர்கள், போலீஸ்காரர்கள், படைவீரர்கள், ஏழைகள், கனவான்கள். அதாவது தொழில், வர்க்கம். உயரம் ஓர் அங்குலம் கூடினால் எட்டுக் கன அங்குலக் காற்று கூடுகிறது என்பது அவர் கண்ட விதி. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இது பிடித்துப்போயிற்று. யாருக்குப் பாலிசி கொடுக்கலாம், யார் சீக்கிரம் போய்விடுவான் என்று சொல்ல ஒரு மெஷின் கிடைத்தால் விடுவார்களா? பிறந்த வீட்டில் இந்தக் கருவி வர்க்கத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அது இனத்தை எண்ணத் தொடங்கிற்று.

தாண்ட வைத்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் கார்ட்ரைட். தென் மாநிலத்து மருத்துவர், அடிமை முறையின் வாதியார். அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று கண்டுபிடித்து அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று கிரேக்கப் பெயர் வைத்த புண்ணியவான் இவர்தான். அதே 1851ஆம் ஆண்டு அறிக்கையில் நுரையீரலைப் பற்றியும் எழுதுகிறார். ஸ்பைரோமீட்டரைச் சாட்சிக்கு அழைத்து, வெள்ளையரைவிடக் கறுப்பரின் மூச்சுக் கொள்ளளவு நூற்றுக்கு இருபது குறைவு என்கிறார். குறைந்த நுரையீரல், ஆகவே இரத்தத்தில் குறைந்த உயிர்க்காற்று, ஆகவே சோம்பல். மருந்து? வெயிலில் கடுமையான உழைப்பு. வேலை வாங்கினால்தான் இரத்தம் சுத்தமாகும். ஆக, தோட்டத்துச் சாட்டையே மூச்சுப் பயிற்சியாகிவிடுகிறது! ஃபூக்கோவைப் படித்துவிட்டு அறிவும் அதிகாரமும் பின்னிக் கிடப்பதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே பின்னலை அவிழ்க்கவே வேண்டியதில்லை, அப்படியே திறந்து கிடக்கிறது.

கார்ட்ரைட்டைக் கோமாளி என்று தள்ளிவிடலாம். அடுத்து வருபவரைத் தள்ள முடியாது. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிராகப் போரிட்ட வடக்குப் படையின் சிப்பாய்களை அளக்கும் பொறுப்பை ஏற்றவர் பெஞ்சமின் ஆப்தார்ப் கூல்டு. வானவியலாளர், எண்களில் கறாரானவர். 1869இல் வெளிவந்த அவருடைய பெரிய தொகுப்பிலும் கறுப்புச் சிப்பாய்களின் நுரையீரல் கொள்ளளவு குறைவு என்ற அட்டவணை இருக்கிறது. நேற்றுவரை பருத்தி வயலில் அரை வயிற்றுக் கஞ்சியோடு கிடந்தவன், குடிசையில் அடுப்புப் புகையைக் குடித்தவன், இன்று சீருடை போட்டு வந்து ஊதுகிறான். அவன் என்ன சாப்பிட்டான், எங்கே தூங்கினான் என்ற பத்தி அந்த அட்டவணையில் இல்லை. நிறத்துக்கு மட்டும் பத்தி இருக்கிறது. வெறுப்போடு எழுதுபவனை அடையாளம் காண்பது எளிது. வெறுப்பே இல்லாமல், பத்திகளைப் பிரித்த விதத்திலேயே முடிவைச் சொல்லிவிடும் எண்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

கூல்டின் எண்களை எடுத்துக்கொண்டு 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் ஒரு புத்தகம் எழுதினார். அவர் புருடென்ஷியல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் புள்ளியியலாளர். அந்தக் கம்பெனி 1881இலேயே கறுப்பர்களுக்குக் கொடுக்கும் காப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தது. ஏன் குறைத்தோம் என்பதற்கான சாஸ்திரம் பதினைந்து வருஷம் கழித்து வந்து சேர்கிறது! கறுப்பர்கள் காசநோயிலும் மற்ற நுரையீரல் நோய்களிலும் மடிவதற்கு இனத்தன்மையே காரணம், சூழல் அல்ல, போகப்போக அவர்கள் அழிந்தேபோவார்கள் என்றார் ஹாஃப்மன். உடனே எதிர்ப்பும் வந்தது. கணிதப் பேராசிரியர் கெல்லி மில்லரும் சமூகவியலாளர் டு போய்ஸும் 1897இலேயே, இருவரும் கறுப்பர்கள், ஹாஃப்மனின் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். டு போய்ஸ் 1906இல் கறுப்பர்களின் உடல்நலம் பற்றித் தொகுத்த நூல், சாவு விகிதம் வறுமையோடும் வீட்டோடும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டுகிறது. ஆனால் எந்தப் பிரதி மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று, எந்தப் பிரதி நூலகத்தில் தூங்கிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றை ஆவணம் ஆவணமாகத் தோண்டி எடுத்தவர் லண்டி பிரவுன். அவருடைய நூல் 2014இல் வந்தது. அதைப் படித்தபோது என்னை உலுக்கியது கார்ட்ரைட் அல்ல. கார்ட்ரைட்டின் கழித்தல் கணக்கு நம் காலத்து மெஷினுக்குள் உட்கார்ந்திருந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பைரோமீட்டர் கணினியோடு சேர்ந்தது. வயது, உயரம், பால், இனம் என்று பொத்தான்களை அழுத்தினால் இன்னாருக்கு இவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று மெஷினே சொல்லும். கறுப்பர் என்று அழுத்தினால் எதிர்பார்ப்பு 10 முதல் 15 சதவீதம் குறையும். இதற்கு 'இனத் திருத்தம்' என்று பெயர். எதைத் திருத்துகிறார்கள் பாருங்கள்.

விளைவைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரே உயரம், ஒரே வயதுடைய இருவர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். இருவரும் மூன்று லிட்டர் ஊதுகிறார்கள். வெள்ளையருக்கு எதிர்பார்ப்பு நான்கு லிட்டர் என்றால் அவருடைய மதிப்பெண் 75. எண்பதுக்குக் கீழே போனால் கோளாறு என்று வைத்துக்கொண்டால், அவர் நோயாளி. கறுப்பருக்கு நான்கிலிருந்து 12 சதவீதம் கழித்துவிட்டால் எதிர்பார்ப்பு மூன்றரை லிட்டர் சொச்சம், மதிப்பெண் 85. அவர் 'நார்மல்'. வீட்டுக்குப் போகலாம். அதே மூன்று லிட்டர் காற்றுதான். நஷ்டஈடு, ஓய்வூதியம், அடுத்த கட்ட மருந்து எல்லாம் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குபவை. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிகளின் வழக்குகளில் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் நீதிமன்றத்தில் வைத்த கோரிக்கை இதுதான்: கறுப்புத் தொழிலாளிகளுக்கு நார்மலே குறைவு என்பதால், அவர்கள் வழக்காட வேண்டுமானால் வெள்ளையரைவிட மோசமான நுரையீரலைக் காட்ட வேண்டும்.

2022இல் இனம் பார்க்காத சமன்பாடு ஒன்று உருவாக்கப்பட்டது. 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது: கறுப்பின முன்னாள் படைவீரர்களின் ஊனத் தொகை மட்டுமே ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கூடலாம். அதே சமயம் நுரையீரல் 'போதாது' என்ற காரணத்தால் சிலருக்கு அறுவை சிகிச்சை மறுக்கப்படலாம், தீயணைப்பு போன்ற வேலைகள் கிடைக்காமல் போகலாம். ஆகவே திருத்தத்தை நீக்கியதும் விடிந்துவிட்டது என்று கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் கழிக்கப்பட்ட மூச்சுக்கு இவ்வளவு விலை இருந்தது என்பதாவது வெளியே வந்ததே.

இந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். 1932இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் கிருஷ்ணனும் வரீதும் தென்னிந்திய மருத்துவ மாணவர்கள் 103 பேரின் மூச்சுக் கொள்ளளவை அளந்து எழுதியிருக்கிறார்கள். மேலை நாட்டு அளவைவிடக் குறைவு. காலனிய நாட்டு அறிவாளி தன் மூச்சைத் தானே அளந்து, ஐரோப்பிய அளவுகோலை வைத்துக்கொண்டு, குறைகிறதே என்று பார்க்கிறான்! பின்னால் வந்த அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்று (2005) ஆசிய அமெரிக்கர்களுக்கு 0.94ஆல் பெருக்கிக்கொள் என்றது. ஆறு சதவீதம் தள்ளுபடி. கறுப்பருக்குப் பன்னிரண்டு, நமக்கு ஆறு. படிநிலை என்றால் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை அல்லவா.

*

ஆனால் ஆஸ்துமா எப்போதும் கறுப்பர்களின் நோயாகக் கருதப்பட்டதில்லை. இது முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வைக்கோல் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட மகரந்த ஒவ்வாமையும் அதோடு வரும் இரைப்பும் படித்தவர்களின் நோய், மென்மையான நரம்புள்ளவர்களின் நோய். வயலில் வேலை செய்பவனுக்கு வராது, கறுப்பனுக்கு வராது என்று டாக்டர்கள் எழுதினார்கள். பணக்கார நோயாளிகள் பருவம் வந்தால் நியூ ஹாம்ஷைர் மலைகளுக்குப் போய் ஹோட்டல்களில் தங்கினார்கள். தும்மல் ஓர் அந்தஸ்து. இந்த ஒவ்வாமை நிலவியலை கிரெக் மிட்மன் 2007இல் நூலாக எழுதியிருக்கிறார். மூச்சுத் திணறல் நாகரிகத்தின் அடையாளமாக இருந்தவரை அது வெள்ளையருக்குச் சொந்தம். அது சேதமாகத் தெரியத் தொடங்கியபோது கைமாறிற்று.

இடையில் ஒரு கிளைக்கதை. 1941இல் சிகாகோ உளப்பகுப்பாய்வாளர்கள் ஃபிரெஞ்சும் அலெக்சாண்டரும் ஆஸ்துமாவைத் தாயோடுள்ள உறவுச் சிக்கலாக விளக்கினார்கள். டென்வரில் ஆஸ்துமாக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து மாதக்கணக்கில் விடுதியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பெஷ்கின் என்ற மருத்துவர் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'பெற்றோரை வெட்டியெடுத்தல்'. குடல்வாலை எடுப்பது போல! பல குழந்தைகளுக்கு அங்கே போனதும் குணம் தெரிந்தது. மாறியது அம்மா மட்டுமா? மெத்தை, தூசி, பூனை, ஊர்க்காற்று எல்லாமே மாறியிருந்தன. குற்றவாளி மட்டும் அம்மா. பின்னால் கறுப்புத் தாய்மார்கள் உட்காரப் போகும் நாற்காலி இங்கேதான் தயாராகிறது.

1950களிலும் 60களிலும் நியூ ஆர்லியன்ஸில் அவ்வப்போது ஆஸ்துமா வெடித்தது. வெடித்தது என்றே சொல்ல வேண்டும்: ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் மூச்சிரைத்துக்கொண்டு சேரிட்டி மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள். இலவச மருத்துவமனை, வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். குப்பை மேட்டுத் தீ என்றார்கள், தானியத் தூசி என்றார்கள். பிடிபடவே இல்லை. பிறகு 1980களில் ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்தில் அதே மாதிரி வெடித்தது. அங்கே ஆராய்ந்தவர்கள் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கும் நாட்களோடு அது ஒத்துப்போவதைக் கண்டார்கள். ஒரு சேமிப்புக் கிடங்கில் தூசி வடிகட்டி இல்லை. 1987இல் வடிகட்டியைப் பொருத்தினார்கள். வெடிப்பு அடங்கிற்று. இதைப் பார்த்துவிட்டு 1997இல் நியூ ஆர்லியன்ஸின் பழைய தேதிகளை எடுத்துத் துறைமுகப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் சோயாக் கப்பல் நின்ற நாட்களோடு பொருத்தம் தெரிந்தது.

பார்சிலோனாவில் எந்த நோயாளிக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை. கிடங்குக்காரனுக்குத்தான் எடுத்தார்கள். அந்த வடிகட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு 1990களுக்கு வருவோம்.

1989இல் அமெரிக்க அரசு ஆஸ்துமாவுக்கென்று தேசியக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 'கல்வி' என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1991இல் முதல் வழிகாட்டுதல். அடிப்படையில் நல்ல காரியம். ஆஸ்துமா என்பது அழற்சி, மூச்சு முட்டும்போது மட்டும் அடிக்கிற நீல பஃப் போதாது, தினமும் ஸ்டீராய்டு வேண்டும் என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. எழுதிக் கொடுத்த திட்டம், பீக் ஃப்ளோ மீட்டர், போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள். தன் மூச்சைத் தானே அளந்து தானே முடிவெடுக்கும் நோயாளி. நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சொல்லியும் குறையாதபோது. அப்போது மருத்துவக் குறிப்பேட்டில் ஒரு சொல் ஏறுகிறது: 'நான்-கம்ப்ளையன்ட்'. சொன்னபடி நடக்காதவர். இப்போது கொஞ்சம் நாசூக்காக வேறு சொல் போடுகிறார்கள், போகட்டும். இந்தச் சொல்லின் இலக்கணத்தைப் பாருங்கள். இதற்கு எழுவாய் எப்போதும் நோயாளிதான். காப்பீடு இல்லாமல் போனால் 'சொன்னபடி நடக்காத காப்பீடு' என்று எழுதுவதில்லை. பழைய வகை பஃப்பின் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 2008 கடைசியோடு அதை நிறுத்தினார்கள். மலிவான பொது ரகம் போய்க் காப்புரிமை பெற்ற ரகங்கள் வந்தன. நோயாளி கையிலிருந்து கொடுக்கும் காசு ஏறத்தாழ இரட்டிப்பானது. அப்போது ஒரு பஃப்பை இரண்டாகப் பிரித்து அடித்தவளும் 'சொன்னபடி நடக்காதவள்'தான்.

என் அம்மாவுக்கு இழுப்பு உண்டு. ஒருமுறை தனியார் மருத்துவமனை ஒன்றில் ஊதிக் காட்டச் சொன்னார்கள். வந்த தாளில் வயது, உயரத்துக்குக் கீழே இனம் என்ற இடத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. மெஷினுக்கே தெரிந்திருக்கிறது. "டெய்லி ரெண்டு வேளை போடுறீங்களாம்மா?" என்றார் டாக்டர். "போடுறேங்க சார்" என்றார் அம்மா. அவர் என் பக்கம் திரும்பி, "சொன்னா கேக்கமாட்டாங்க, நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார். வெளியே வந்து கேட்டேன். "தெரியாமயா இருக்கு தம்பி. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது வாங்கணுமே. ஒரு வேளையா போட்டா ரெண்டு மாசம் ஓடும்ல." அம்மா போட்ட கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்குக்கு டாக்டரின் தாளில் பத்தி இல்லை, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நாமும் அவர்களும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சாதியும் இனமும் ஒன்றல்ல, அம்மாவின் வறுமையும் ஹார்லெம் தாயின் வறுமையும் ஒன்றல்ல. ஆனால் 'எடுத்துச் சொல்லுங்க' என்ற அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது.

1997இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எட்டு நகர்ப்புற ஏழைப் பகுதிகள், 476 ஆஸ்துமாக் குழந்தைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் கரப்பான்பூச்சி ஒவ்வாமை. பாதிப் படுக்கையறைகளில் கரப்பான் கழிவு மிகுதி. ஒவ்வாமையும் இருந்து கரப்பானும் நிறைய இருந்த குழந்தைகள் மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அருமையான ஆய்வு. ஆனால் செய்தித்தாளுக்கும் துண்டறிக்கைக்கும் இறங்கி வரும்போது கரப்பான் என்னவாகிறது? வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், சாப்பாட்டை மூடி வை, கம்பளத்தை எடு, ஈரத்தைத் துடை. வினைமுற்றுகள் எல்லாமே ஏவல். கரப்பான் ஒரு வீட்டுக்காரியின் ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது. அது வாடகைக் கட்டடம். குழாய் ஒழுகுவது சுவருக்குள்ளே. பக்கத்து வீட்டுக் கரப்பான் நடுச்சுவரைக் கேட்டுக்கொண்டா வரும்?

அந்தக் கட்டடம் ஏன் அங்கே இருக்கிறது, அதில் ஏன் இவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டால் 1930களுக்குப் போக வேண்டும். வீட்டுக்கடன் நெருக்கடியைத் தீர்க்க 1933இல் அமைக்கப்பட்ட அரசு நிறுவனம் இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு வண்ணம்: கடன் கொடுக்க ஆபத்தானவை. ஊரையும் சேரியையும் கோடு போட்டுப் பிரிக்க நம்மவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் எட்டு நகரங்களை எடுத்துக்கொண்டு 2020இல் ஒரு குழு பார்த்தது. சிவப்பிட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்குப் போகும் விகிதம், உயர்ந்த தரம் பெற்ற பகுதிகளைப்போல 2.4 மடங்கு. எண்பது ஆண்டுக்கு முந்தைய வண்ணப் பென்சில் இன்றைய குழந்தையின் மூச்சில் தெரிகிறது. துண்டறிக்கையில் இது இருக்காது.

உடம்பு என்ற பழைய விடையும் போய்விடவில்லை, அவ்வப்போது எட்டிப் பார்க்கும். சால்மெட்டெரால் என்ற நீண்டநேர மூச்சுத்தளர்த்தி மருந்தை 26,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். சாவு கூடியதால் 2003இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஆபத்து கறுப்பர்களிடம் தூக்கலாகத் தெரிந்தது. உடனே மரபணு தேடும் படலம். ஆனால் அதே சோதனையில் கறுப்பர்களில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வெள்ளையரைவிடக் குறைவு. அடியில் அழற்சி கனன்றுகொண்டிருக்க, மேலே குழாயை மட்டும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிந்தைய சோதனைகளில் ஆபத்து கூடவில்லை. கூட்டு மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கையை 2017இல் எடுத்துவிட்டார்கள். மரபணுவில் தேடியதில் ஒரு பங்காவது மருந்துச்சீட்டில் கிடந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நானும் கறுப்பர்களை வெறும் அளக்கப்படும் பொருளாக வைத்துவிடுவேன். மேற்கு ஹார்லெமில் 1986இல் கழிவுநீர் ஆலை வந்தது. நாற்றத்துக்கும் புகைக்கும் எதிராகத் திரண்டவர்கள் 1988இல் வீ ஆக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டீசல் பஸ் பணிமனைகளை ஏன் எங்கள் தெருக்களிலேயே குவிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பஸ் நிறுத்தங்களிலேயே விளம்பரம் வைத்தார்கள். இது கல்விதான், ஆனால் திசை மாறிய கல்வி. மத்திய ஹார்லெமில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா என்று 2003இல் அறிவியல் எண் கொடுத்தபோது தெருவுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

மருத்துவர்களிலும் திசை மாறியவர்கள் இருக்கிறார்கள். ஏழு நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளுக்குப் போன ஒரு குழு (முடிவு 2004இல் வந்தது) அறிவுரையை மட்டும் கொண்டுபோகவில்லை, மெத்தை உறையையும் தூசி உறிஞ்சியையும் காற்று வடிகட்டியையும் கொண்டுபோயிற்று. நோய் நாட்கள் குறைந்தன. 2022இல் வெளிவந்த மற்றொரு சோதனையில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினருமாக 1,201 பெரியவர்கள். சோதனையை வடிவமைத்ததில் நோயாளிகளுக்கும் பங்கு. மூச்சு முட்டி நீல பஃப் அடிக்கும்போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டையும் ஒன்று அடித்துக்கொள், அவ்வளவுதான். கால் மணி நேரம் ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். கடும் திணறல் ஆளுக்கு ஆண்டுக்கு 0.82இலிருந்து 0.69 ஆயிற்று. பெரிய எண் அல்ல. ஆனால் மக்கள் ஏற்கெனவே எதைச் செய்துகொண்டிருக்கிறார்களோ, அதைப் பிழை என்று திருத்தாமல், அதன்மேல் மருந்தை ஏற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வழக்கு. நியூயார்க் நகரத்தின் பொதுக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர். சுவரில் பூஞ்சை. புகார் கொடுத்தால் வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள், சில வாரத்தில் திரும்பக் கறுப்பாகப் பூக்கும். 2013 டிசம்பரில் ஆஸ்துமா உள்ள குடியிருப்பாளர்கள் நகர வீட்டுவசதி ஆணையத்தின் மேல் கூட்டாக வழக்குப் போட்டார்கள். வாதம் எளிமையானது, அழகானது: ஆஸ்துமா ஓர் உடற்குறை, உடற்குறை உள்ளவர்கள் வாழத் தோதாக வீட்டை வைக்க வேண்டியது சட்டப்படி உங்கள் கடமை. அதாவது, ஈரத்தைத் துடை என்று எங்களுக்குத் துண்டறிக்கை கொடுக்காதே, குழாயைச் சரிசெய். 2014இல் உடன்பாடு ஆயிற்று. சாதாரண வேலை என்றால் ஏழு நாள், சிக்கலான வேலை என்றால் பதினைந்து நாள் என்று கெடு எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்த திட்டம்!

ஆணையம் அந்தக் கெடுவைக் காப்பாற்றவில்லை. 2015 டிசம்பரில் நீதிமன்றம் ஆணையம் சொன்னபடி நடக்கவில்லை என்று தீர்மானித்து, அதை நடக்கவைக்கத் தனி மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்தது. 2018இல் உடன்பாட்டைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. அந்த வழக்கின் தாள்களில் 'நான்-கம்ப்ளையன்ஸ்' என்ற சொல்லுக்கு எழுவாய் ஆணையம்.